துறைமுகத்தில் ஓர் ஆஸ்பத்திரி

உலகில் சுமார் 500 கோடிப் பேருக்குத் தேவையான நேரத்தில் பாதுகாப்பான, செலவு தாங்கக்கூடிய அறுவை சிகிச்சை கிடைப்பதில்லை. 'லான்செட்' மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2015இல் வெளியிட்ட கணக்கு இது. ஆண்டுதோறும் இன்னும் 14 கோடியே 30 லட்சம் அறுவை சிகிச்சைகள் கூடுதலாக நடந்தால்தான் அடிப்படைத் தேவை நிறைவேறும் என்றும் அந்த ஆணையம் கூறியது. பற்றாக்குறை மிகக் கடுமையாக இருப்பது சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில். குடலிறக்கம், கண்புரை, உதட்டுப் பிளவு, பிரசவச் சிக்கல் ஆகியவற்றுக்கான ஆபரேஷன்கள் நடுத்தர அளவுள்ள எந்த மருத்துவமனையிலும் அன்றாடம் நடக்கக்கூடியவை. அங்கே பலர் அவற்றுக்காகவே பத்து, இருபது ஆண்டுகள் காத்திருக்கிறார்கள், அல்லது காத்திருந்தே இறந்துபோகிறார்கள்.

இந்த இடைவெளியை நிரப்ப ஆண்டுதோறும் ஏராளமான கிறிஸ்தவத் தன்னார்வலர்கள் சொந்தச் செலவில் வெளிநாடு செல்கிறார்கள். மருத்துவ ஊழியம் என்ற ஒரே பெயர் இருந்தாலும், செய்யும் வேலை ஒன்றல்ல. ஒரு சபையிலிருந்து பத்துப் பதினைந்து பேர் கிளம்பி, ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் இலவச மருத்துவ முகாம் நடத்திவிட்டுத் திரும்புவது ஒரு வகை. ஏற்கெனவே இயங்கும் மிஷன் ஆஸ்பத்திரியில், அங்குள்ள மருத்துவருக்குத் துணையாகச் சில வாரங்களோ மாதங்களோ வேலை செய்வது இன்னொரு வகை. மூன்றாவது வகை, ஒரு முழு மருத்துவமனையையே கப்பலில் ஏற்றிக்கொண்டுபோய் ஏழை நாட்டுத் துறைமுகத்தில் மாதக்கணக்கில் நிறுத்துவது. 'மெர்சி ஷிப்ஸ்' என்ற கிறிஸ்தவத் தொண்டு நிறுவனம் இந்த மூன்றாவது வழியை 40 ஆண்டுகளுக்கும் மேலாக நடத்திவருகிறது. வெளிநாட்டுத் தன்னார்வ மருத்துவத்தால் எது முடியும், எது முடியாது என்பதை வேறெங்கும்விட இங்கே தெளிவாகப் பார்க்கலாம்.

இந்த வேலைக்கு நீண்ட வரலாறு உண்டு, அதன் தொடக்கம் தமிழ் மண்ணில். அமெரிக்காவிலிருந்து வெளிநாடு சென்ற முதல் மருத்துவ மிஷனரியான ஜான் ஸ்கட்டர் 1819இல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்தின் பண்டத்தரிப்பில் பணியாற்றினார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவமனை நடத்தினார். நோயாளிகளைப் பார்த்ததோடு அவர் நின்றுவிடவில்லை. உள்ளூர் இளைஞர்களை மருத்துவர்களாகப் பயிற்றுவித்தார். மேலைநாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, பின்னாளில் பாடத்தையே தமிழில் நடத்தினார். தான் போன பிறகும் அந்த ஊரில் மருத்துவம் நடக்க வேண்டும் என்ற கவலை அவருக்கு இருந்தது. இன்று வாரக்கணக்கில் போய்வரும் குழுக்களை எடைபோடவும் அந்தக் கவலையே சரியான அளவுகோல்.

விமானப் போக்குவரத்து பரவும்வரை மருத்துவ மிஷனரி என்றால் வாழ்நாள் முழுக்க ஓரிடத்தில் தங்குபவர் என்றுதான் பொருள். ஆல்பர்ட் ஷ்வைட்சர் 1913இல் இன்றைய காபோன் நாட்டின் லம்பரேனேயில் மருத்துவமனை தொடங்கினார். 1965இல் அங்கேயே காலமானார். விமானப் பயணம் எளிதானதும், தொழிலை விடாமலே சில வாரங்கள் போய்வர முடியும் என்ற நிலை வந்தது. ஃபர்மன் சகோதரர்கள் என்ற இரண்டு அமெரிக்க அறுவை மருத்துவர்களின் முயற்சியில் 1977இல் 'வேர்ல்டு மெடிக்கல் மிஷன்' உருவாகி, குறுகிய காலத்துக்கு மருத்துவர்களை மிஷன் ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பத் தொடங்கியது. அதற்கு அடுத்த ஆண்டு டான் ஸ்டீபன்ஸ், டெயான் ஸ்டீபன்ஸ் தம்பதியர் மெர்சி ஷிப்ஸைத் தொடங்கினார்கள். 1953இல் கட்டப்பட்ட 'விக்டோரியா' என்ற இத்தாலியப் பயணிகள் கப்பலை வாங்கி, 'அனஸ்டாசிஸ்' என்று பெயர் மாற்றி, மருத்துவமனையாக மாற்றினார்கள். 2007இல் அது ஓய்வு பெற்றபோது 'ஆப்பிரிக்கா மெர்சி' வந்தது. டென்மார்க்கில் ரயில் பெட்டிகளை ஏற்றிச் சென்ற பழைய படகுக் கப்பல் அது. தண்டவாளம் ஓடிய தளத்தில் ஐந்து ஆபரேஷன் தியேட்டர்களும் வார்டுகளும் அமைந்தன. மருத்துவமனையாகவே வடிவமைத்துக் கட்டப்பட்ட, நிறுவனத்தின் முதல் கப்பலான 'குளோபல் மெர்சி' சீனாவின் தியான்ஜினில் உருவாகி 2021இல் கைக்கு வந்தது. 174 மீட்டர் நீளம், 12 தளங்கள், ஆறு ஆபரேஷன் தியேட்டர்கள், சுமார் 200 படுக்கைகள். செனகலின் டக்காரிலும், 2023இலிருந்து சியரா லியோனின் ஃபிரீடவுனிலும் இந்தக் கப்பல் பணியாற்றியது.

கப்பல் எதற்கு என்ற கேள்வி இயல்பாக எழும். தடையில்லாத மின்சாரம், சுத்தமான தண்ணீர், கிருமிநீக்கக் கருவிகள், ஆக்சிஜன், சி.டி. ஸ்கேன், ஆய்வுக்கூடம் ஆகிய எல்லாம் ஒருசேர இருந்தால்தான் பெரிய அறுவை சிகிச்சை பாதுகாப்பாக நடக்கும். இவற்றில் ஏதாவது ஒன்று இல்லாத ஊருக்கு உலகின் சிறந்த அறுவை நிபுணரைக் கொண்டுபோய் இறக்கினாலும் அவரால் செய்ய முடிவது சொற்பம். கப்பல் இவை அத்தனையையும் தன்னோடு கொண்டுவருகிறது. தன்னார்வலர்கள் தங்கவும் உண்ணவும் இடம் இருக்கிறது. குடும்பத்தோடு வருபவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் உண்டு. இரத்தத்துக்கும் கப்பலிலேயே வழி இருக்கிறது. பணியாளர்களின் இரத்த வகை முன்கூட்டியே பதிவாகியிருக்கும். ஆபரேஷன் நடுவே தேவைப்பட்டால் பொருந்தும் வகைக்காரருக்கு அழைப்பு போகும். சமையல்கூடத்தில் வேலை செய்பவர் கொடுக்கும் இரத்தம் அன்றே மேசையில் இருக்கும் நோயாளிக்கு ஏறும்.

ஒரு நாட்டின் அரசு அழைத்தால்தான் கப்பல் அங்கே போகும். போன பிறகு சுமார் பத்து மாதங்கள் அதே துறைமுகத்தில் நிற்கும். குறுகிய காலப் பயணங்களின் மிகப் பெரிய பலவீனத்தை இந்தப் பத்து மாதம் ஓரளவு சரிக்கட்டுகிறது. அறுவை நிபுணர் மூன்று வாரத்தில் ஊர் திரும்பினாலும், அவர் வெட்டித் தைத்த நோயாளியைப் பார்த்துக்கொள்ள மருத்துவமனை அதே இடத்தில் இருக்கிறது. தொலைவிலிருந்து வருபவர்கள் குணமாகும்வரை தங்குவதற்குக் கரையில் ஒரு விடுதி நடத்தப்படுகிறது. வளைந்த கால்களை நிமிர்த்தும் எலும்பு ஆபரேஷன்கள், தீக்காயத் தழும்பு இறுகி மடங்கிப்போன கை கழுத்துகளை விடுவிக்கும் ஆபரேஷன்கள் ஆகியவற்றைக் கப்பல் வந்த முதல் மாதங்களிலேயே முடித்துவிடப் பார்க்கிறார்கள். மாவுக்கட்டு பிரித்து, மாதக்கணக்கில் உடற்பயிற்சி கொடுத்து, அந்தப் பிள்ளை நடப்பதைப் பார்த்துவிட்டுத்தான் கப்பல் கிளம்ப முடியும். அட்டவணையில் இருக்கும் இந்த ஒழுங்குதான், நோயாளியின் நலனை நினைக்கும் ஊழியத்தையும் எண்ணிக்கையை நினைக்கும் ஊழியத்தையும் பிரித்துக் காட்டுகிறது.

வார்டுகளில் காணப்படும் நோய்களில் பல, செல்வ நாடுகளின் மருத்துவர்கள் பாடப் புத்தகத்தில் மட்டும் பார்த்தவை. தாடையில் வளரும் அமெலோபிளாஸ்டோமா என்ற கட்டி பெரும்பாலும் புற்று அல்ல, பரவாது. ஆனால் வெட்டி எடுக்காவிட்டால் வளர்ந்துகொண்டே போய் வாயையும் மூச்சையும் அடைக்கும். பல் மருத்துவரிடம் ஒரு எக்ஸ்-ரேயில் தெரிந்திருக்க வேண்டிய கட்டி, தலையளவு பெருத்த பிறகு கப்பலுக்கு வருகிறது. நோமா இன்னும் கொடியது. சத்துக்குறைவாலும் தட்டம்மை போன்ற நோய்களாலும் எதிர்ப்புச் சக்தி இழந்த குழந்தையின் ஈறில் ஒரு புண்ணாகத் தொடங்கி, சில நாட்களில் கன்னத்தையே தின்றுவிடும். சிகிச்சை இல்லாவிட்டால் பத்தில் ஒன்பது குழந்தைகள்வரை இறக்கலாம். தொடக்கத்தில் கண்டுபிடித்தால் சாதாரண ஆன்டிபயாடிக் மருந்தே போதும் என்பதுதான் இதன் கொடுமை. 2023 டிசம்பரில்தான் உலகச் சுகாதார நிறுவனம் நோமாவைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. பிழைத்தவர்கள் முகத்தில் துளையோடு வாழ்கிறார்கள், துணியால் மூடிக்கொண்டு. அவர்களுக்கு முகத்தைச் சீரமைக்கும் ஆபரேஷன் பல கட்டங்களாக நடக்கிறது. கலிபோர்னியாவைச் சேர்ந்த முகத்தாடை அறுவை நிபுணர் கேரி பார்க்கர் 1980களின் பிற்பகுதியில் சில மாதங்களுக்கென்று கப்பலுக்கு வந்தார். அங்கேயே திருமணம் செய்து, பிள்ளைகளையும் கப்பலிலேயே வளர்த்து, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த ஆபரேஷன்களைச் செய்துவந்தார்.

பிரசவ வலி நாட்கணக்கில் நீடித்து, குழந்தை இறந்து பிறந்து, தாயின் சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் இடையே துளை விழும் நிலை மற்றொன்று. சிறுநீர் ஓயாமல் கசியும். கணவன் விலகுவான், அக்கம்பக்கம் ஒதுக்கும். நேரத்துக்கு ஒரு சிசேரியன் நடந்திருந்தால் இது நேர்ந்தே இருக்காது. ஆபரேஷன் வெற்றி பெற்ற பெண்களுக்குக் கப்பலில் புது உடை கொடுத்து, பாட்டும் நடனமுமாக ஊருக்கு அனுப்பிவைப்பது வழக்கம். கண்புரைக்குச் செலவாகும் நேரம் இருபது நிமிடத்துக்குள்தான். மறுநாள் கட்டைப் பிரித்ததும் பார்வை திரும்பிவிடும். செலவழித்த நேரத்துக்கு இவ்வளவு பலன் தரும் சிகிச்சைகள் மருத்துவத்தில் மிகச் சில.

ஆனால் வருகிறவர்களில் பலருக்கு இல்லை என்று சொல்லியாக வேண்டும். இந்த ஊழியத்தில் இதைவிடக் கடினமான வேலை வேறில்லை. முற்றிய புற்றுநோய்க்கும் நாள்பட்ட நோய்களுக்கும் கப்பலில் வழி கிடையாது. பல ஆண்டுகள் மருந்தோ தொடர் கண்காணிப்போ தேவைப்படும் நோய்களைத் தொட்டுவிட்டுப் போவது அநியாயம். முன்பெல்லாம் ஒரு விளையாட்டரங்கில் ஆயிரக்கணக்கானோரை ஒரே நாளில் வரவழைத்துத் தேர்வு செய்தார்கள். 2011இல் ஃபிரீடவுனில் அப்படிக் கூடிய கூட்டம் வாயிலில் நெருக்கியடித்ததில் ஒருவர் உயிரிழந்தார். பிற்காலத்தில் குழுக்கள் உள்நாட்டு ஊர்களுக்கே சென்று, உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர்கள் மூலம் முன்கூட்டியே நோயாளிகளைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு அதிக இடம் கொடுத்தன. துறைமுகம்வரை செலவழித்து வந்து வெறுங்கையோடு திரும்பும் துயரத்தை இது குறைக்கிறது. சிகிச்சை இலவசம் என்றாலும், பேருந்துக்கும் படகுக்கும் பணமில்லாதவர் கப்பலை எட்ட மாட்டார் என்பதையும் அனுபவம் காட்டியது. இலவசம் என்று அறிவிப்பவர்கள் பயணச் செலவையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

தன்னார்வலர்கள் என்றதும் மருத்துவர்களே நினைவுக்கு வருவார்கள். கப்பலில் அவர்கள் சிறுபான்மை. செவிலியர், மயக்க மருந்து நிபுணர், உடற்பயிற்சி சிகிச்சையாளர் ஆகியோரோடு, மாலுமிகள், எலக்ட்ரீஷியன்கள், சமையல்காரர்கள், ஆசிரியர்கள், கணக்கர்கள், முடிதிருத்துபவர் உட்பட எல்லோரும் தேவை. அறுவை நிபுணர்கள் இரண்டு மூன்று வாரங்களுக்கும் வரலாம். வார்டு செவிலியர்கள் மாதக்கணக்கில் தங்க வேண்டும். இயந்திர அறையையும் நிர்வாகத்தையும் ஏற்பவர்கள் ஆண்டுக்கணக்கில் இருக்கிறார்கள். சம்பளம் கிடையாது. விமானக் கட்டணம், காப்பீடு, விசா எல்லாம் சொந்தச் செலவு. கப்பலில் தங்கவும் உண்ணவும் மாதக் கட்டணம் செலுத்துவதும் நெடுநாள் வழக்கமாக இருந்தது. பெரும்பாலோருக்கு இந்தப் பணத்தை அவர்களுடைய சபையாரும் நண்பர்களும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். பின்னால் நின்று தாங்கும் இவர்கள் இல்லாவிட்டால் கப்பல் நகராது.

உள்ளூர்க்காரர்களின் பங்கு புகைப்படங்களில் அதிகம் தெரிவதில்லை. ஃபிரீடவுனில் கிரியோ, டக்காரில் வோலோஃப், மடகாஸ்கரில் மலகாசி என்று நோயாளியின் மொழியில் பேசுபவர்கள், சம்பளத்துக்கு அமர்த்தப்படும் உள்ளூர்ப் பணியாளர்கள். வலி எங்கே என்று கேட்பதும், ஆபரேஷனுக்குச் சம்மதம் வாங்குவதும், பயப்படும் தாயைத் தேற்றுவதும் அவர்கள் வாய்வழியேதான் நடக்கின்றன. மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் வாங்கிய சம்மதம் சம்மதமே ஆகாது.

மதம் இந்த வேலையில் மறைந்து நிற்பதல்ல. இயேசு குணமாக்கிய வழியைப் பின்பற்றுவதாகவே நிறுவனம் தன்னை அறிமுகப்படுத்துகிறது. கப்பலில் ஆராதனையும் ஜெபமும் உண்டு. ஆனால் கப்பல் நின்ற செனகல், கினி, சியரா லியோன் ஆகியவை முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகள். சிகிச்சைக்கு மதம் கேட்பதில்லை என்பது நிறுவனத்தின் கொள்கை. ஜெபிக்கட்டுமா என்று ஒரு செவிலியர் கேட்கும்போது, படுக்கையில் கிடப்பவர் வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரத்தோடு இருக்கிறாரா என்பதுதான் கூர்ந்து பார்க்க வேண்டியது. உடல்நலம் இவர்கள் கையில் இருக்கிறது என்று நினைப்பவர் மறுக்கத் தயங்குவார். நம்பிக்கையை நேசிக்கிறவர்கள்தான் இந்தத் தயக்கத்தை முதலில் மதிக்க வேண்டும். சிகிச்சைக்கு விலையாக ஜெபத்தைக் கேட்பது சுவிசேஷத்துக்கே இழுக்கு.

குறுகிய கால மருத்துவப் பயணங்கள் மீது கடுமையான விமர்சனங்கள் உண்டு. அவற்றில் பல நியாயமானவை. ஒரு வார முகாமில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் ஒரு மாத மாத்திரை கொடுத்துவிட்டுப் போனால், இரண்டாம் மாதம் என்ன ஆகும்? எழுதிவைத்த குறிப்பும் இல்லாமல், அடுத்த ஆண்டு வேறொரு குழு அதே நோயாளியை முதல்முறை பார்ப்பதுபோலப் பார்க்கும். பக்கத்திலேயே குறைந்த கட்டணத்தில் நடக்கும் உள்ளூர் மருந்தகம், இலவச முகாமால் நோயாளிகளை இழந்து நொடித்துப்போகலாம். காலாவதியை நெருங்கிய மருந்துகளை மூட்டைகட்டிக் கொண்டுபோகும் பழக்கமும் இருந்தது. நன்கொடை மருந்துகள் போய்ச் சேரும்போது குறைந்தது ஓராண்டாவது காலாவதிக்கு மீதமிருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நெறிமுறை.

இவற்றைவிடக் கவலைக்குரியது தகுதி மீறல். தன் நாட்டில் ஊசி போடக்கூட அனுமதியில்லாத மாணவர், ஏழை நாட்டில் பிரசவம் பார்க்கவும் தையல் போடவும் துணிவது நடந்திருக்கிறது. வெளிநாட்டுப் பயிற்சிப் பயணங்களுக்கென 2010இல் வெளியான 'வெயிட்' நெறிமுறைகள், பயிற்சி பெறுபவர் தன் தகுதியின் எல்லைக்குள் நிற்க வேண்டும் என்றும், பயணத்தின் பலன் இரு தரப்புக்கும் கிடைக்க வேண்டும் என்றும் வலியுறுத்துகின்றன. ஏழையின் உடல் எவருக்கும் பயிற்சிக் களம் ஆகக் கூடாது. ஊர் திரும்பியதும் நோயாளிகளின் முகங்களைச் சமூக வலைத்தளங்களில் இடுவதும் இதே வகைப் பிழை. தன் ஊரில் எந்த மருத்துவமனையிலும் செய்யத் துணியாததை அங்கேயும் செய்யக் கூடாது.

கப்பலுக்கும் எல்லை உண்டு. 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, அங்கே போவதாக இருந்த ஆப்பிரிக்கா மெர்சி திசை திரும்பி மடகாஸ்கரின் தோமாசினாவுக்குப் போனது. நெருக்கமாக நூற்றுக்கணக்கானோர் வாழும் அறுவை சிகிச்சைக் கப்பல், எபோலாவைத் தனிமைப்படுத்திச் சமாளிக்க ஏற்றதல்ல. முடிவு சரியானதே. ஆனால் அதே நாட்களில் லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவின் எல்வா மிஷன் ஆஸ்பத்திரி எபோலா நோயாளிகளை ஏற்றுக்கொண்டது. அங்கு பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் கென்ட் பிராண்ட்லியும் அவரோடு மற்றொரு மிஷனரியும் தொற்றுக்கு ஆளாகி உயிர்பிழைத்தார்கள். உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர்கள் பலர் எபோலா பரவிய நாடுகளில் உயிரிழந்தார்கள். கப்பல் விலகிப் போகலாம். ஊரில் வேரூன்றிய ஆஸ்பத்திரி விலகிப் போக முடியாது. இரண்டில் முதலில் வலுப்பெற வேண்டியது எது என்பதில் சந்தேகமே இல்லை.

அதனால்தான் பயிற்சிக்கு முதலிடம் கொடுக்கும் திட்டங்கள் மதிப்புப் பெறுகின்றன. மெர்சி ஷிப்ஸ் உள்ளூர் மருத்துவர், செவிலியர், மயக்க மருந்துப் பணியாளர்களுக்குக் கப்பலிலும் கரையிலும் பயிற்சி தருகிறது. 2008இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட பாதுகாப்பான அறுவை சிகிச்சைக்கான சரிபார்ப்புப் பட்டியலை மடகாஸ்கர் மருத்துவமனைகளுக்குக் கற்றுக்கொடுத்தது. பிறவியில் உள்நோக்கி வளைந்த பாதத்தை வாரந்தோறும் மாவுக்கட்டு மாற்றி நேராக்கும் பொன்செட்டி முறையையும் உள்ளூரார் கற்கிறார்கள். பெரிய ஆபரேஷன் இல்லாமல், மாவுக்கட்டும் பொறுமையும் கொண்டே குணமாக்கும் இந்த முறை அவர்கள் கையில் தங்கிவிடும். நிலத்தில் நடப்பதில் சிறந்த எடுத்துக்காட்டு, 1990களில் உருவான ஆப்பிரிக்கக் கிறிஸ்தவ அறுவை மருத்துவர் பயிலகம். ஆப்பிரிக்க மருத்துவர்களை மிஷன் ஆஸ்பத்திரிகளிலேயே ஐந்தாண்டு பயிற்றி அறுவை நிபுணர்களாக்கும் திட்டம் இது. காபோனின் போங்கோலோவிலும் கென்யாவின் டென்வெக்கிலும் இந்தப் பயிற்சி நடக்கிறது. அங்கே போகும் குறுகிய காலத் தன்னார்வலர் பாடம் எடுப்பவராகவோ, உள்ளூர் நிபுணர் விடுப்பில் போகும்போது அவர் இடத்தில் நிற்பவராகவோ இருக்கிறார். இரண்டு வாரம் வருபவரால் செய்ய முடிகிற மிகப் பயனுள்ள வேலை இதுதான்.

போக விரும்புபவர் முதலில் செய்ய வேண்டியவை காகித வேலைகள். தன் நாட்டு மருத்துவ அல்லது செவிலியர் கவுன்சிலின் நற்சான்று, போகும் நாட்டில் தற்காலிகப் பதிவு, தொழில்சார் காப்பீடு ஆகியவை இல்லாமல் நோயாளியைத் தொடுவது சட்டப்படியும் தவறு. மேற்கு ஆப்பிரிக்காவின் பல நாடுகளுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கட்டாயம். பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னதாகப் போட்டால்தான் அது செல்லும். 2016 முதல் ஒரே ஊசி ஆயுள் முழுவதற்கும் போதும் என்று ஏற்கப்பட்டிருக்கிறது. மலேரியாவைத் தடுக்கும் மாத்திரை அவசியம், ஊர் திரும்பிய பிறகும் தொடர வேண்டும். டாக்சிசைக்ளின் என்றால் நான்கு வாரம், அடோவாகுவோன்-புரோகுவானில் என்றால் ஏழு நாள். அறுவை அரங்கில் வேலை செய்பவர்களுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி வேண்டும். ஊசி குத்திவிட்டால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், இயன்றால் சில மணி நேரத்திலேயே, தொடங்க வேண்டும். அந்த மருந்து பணியிடத்தில் இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

அழைக்கும் அமைப்பிடமும் கேட்க வேண்டியவை உண்டு. உள்ளூரில் யார் அழைத்தார்கள்? குழு கிளம்பிய மறுநாள் தையல் பிரிந்தால் நோயாளி யாரிடம் போவார்? மருத்துவக் குறிப்புகள் எங்கே இருக்கும்? உள்ளூர் மருத்துவர் ஒருவராவது இந்தப் பயணத்தால் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வாரா? இவற்றுக்குத் தெளிவான பதில் தராத குழுவோடு போக வேண்டாம். விமானக் கட்டணத்துக்குச் சேர்த்த பணத்தை, ஆண்டு முழுவதும் கதவைத் திறந்துவைத்திருக்கும் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுங்கள்.